ரஸ்தாளியைக் காக்குமா காட்டு வாழை?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பினாங்கில் வாழைக்குத் தனி மரியாதை வந்துவிடும். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வாசல்களில் வாழை கட்டுவார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைகளில் இலைக்கட்டுகள் குவியும். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வெற்றிலை, பாக்கு என எல்லாம் இருந்தும் வாழைப்பழம் இல்லையென்றால் தட்டு நிறையாது.

அந்தத் தட்டில் வைக்க ரஸ்தாளி வேண்டும் என்று தேடிப் போனவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். சந்தையில் பீசாங் பெராங்கானும் பீசாங் மாஸும் கிடைக்கிற அளவுக்கு ரஸ்தாளி கிடைப்பதில்லை. தமிழரும் மலாய்க்காரரும் ஒரே பெயரால் அழைக்கும் பழம் இது. சுவைக்கு இருபக்கமும் ரசிகர்கள் உண்டு. இருந்தும் இதைப் பெரிய தோட்டமாக வைக்கத் துணிகிறவர்கள் குறைவு. காரணம், மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை.

அந்தப் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் சக்தி வாழைக் குடும்பத்திலேயே இருக்கிறதா, இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உலகம் முழுதும் வாழை ஆராய்ச்சியாளர்களை ஓட வைத்திருக்கும் கேள்வி இதுதான். அதற்கு அவர்கள் கையில் எடுத்த கருவிகளில் முக்கியமான ஒன்று ‘மரபணு நூலகம்’.

மண்ணுக்குள் காத்திருக்கும் எதிரி

பூஞ்சையின் பெயர் ஃபியூசேரியம். அது உண்டாக்கும் நோயை பனாமா வாடல் நோய் என்பார்கள். பெயரில் பனாமா இருந்தாலும், அறிவியல் உலகம் இந்நோயை முதலில் குறித்து வைத்தது 1870களில் ஆஸ்திரேலியாவில்.

பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, கிழங்கில் குடியேறி, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். முதலில் அடியிலைகள் மஞ்சளாகும். பிறகு இலைகள் ஒவ்வொன்றாக மடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் கோடுகளும் வளையங்களும் தெரியும். அதற்குப் பிறகு அந்த வாழையைக் காப்பாற்ற வழியில்லை. மண்ணிலிருந்து இதை ஒழிக்க மருந்தும் இல்லை. பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, அடுத்த வாழைக்கன்று நட்டதும் விழித்துக்கொள்ளும்.

இது ஏற்கெனவே ஒருமுறை உலகச் சந்தையைப் புரட்டிப் போட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலை நாடுகளுக்குக் கப்பலேறிய வாழை ‘குரோ மிஷேல்’. மலேசியாவில் பீசாங் எம்புன் எனப்படுவது அதுதான். பூஞ்சையின் முதல் வகை மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் அதை அழித்துக்கொண்டே வந்தது. 1960களில் நிறுவனங்கள் அதைக் கைவிட்டு, அந்த வகையை எதிர்த்து நின்ற கேவண்டிஷ் வாழைக்கு மாறின. ரஸ்தாளியைத் தாக்குவதும் இதே முதல் வகைதான். ரஸ்தாளிக்கு அப்படிப் பெரிய அளவில் மாற்று எதுவும் வரவில்லை.

கேவண்டிஷ் வந்ததோடு கதை முடியவில்லை. 1967இல் தைவானில் கேவண்டிஷும் வாடத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏற்றுமதிக்கென்று போட்ட கேவண்டிஷ் தோட்டங்கள் அழிந்தன. ‘டி.ஆர்.4’ எனப்படும் வெப்பமண்டல நான்காம் வகைப் பூஞ்சையே காரணம். பெராங்கானையும் மாஸையும்கூட அது விடுவதில்லை. இன்று அது ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் போய்விட்டது. இந்தியாவில் பீகாரில் புகுந்தது. 2019இல் கொலம்பியாவிலும் 2021இல் பெருவிலும் உறுதி செய்யப்பட்டது.

விதையில்லாத பழத்தின் பலவீனம்

மாமரத்துக்கோ நெல்லுக்கோ நோய் வந்தால் எதிர்ப்புச் சக்தியுள்ள இன்னொரு ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து, விதை எடுத்து, புதிய ரகம் காணலாம். வாழையில் அது சுலபமல்ல. வாழை உண்மையில் மரமே அல்ல. தண்டு போலத் தெரிவது இலையடி உறைகளின் அடுக்கு. அதைவிடப் பெரிய சிக்கல், சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது.

பெரும்பாலான வாழை ரகங்களில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டாக இல்லாமல் மூன்றாக இருக்கிறது. ஜோடி சேர முடியாததால் விதை உருவாவதில்லை. பழத்தை வெட்டினால் நடுவில் தெரியும் சிறு கறுப்புப் புள்ளிகள், உருவாகாமல் போன விதைகளின் மிச்சம். பக்கக்கன்றை எடுத்து நட்டே வாழையைப் பெருக்குகிறார்கள். அப்படியென்றால் ஒரு தோட்டத்தில் இருக்கும் ஆயிரம் கேவண்டிஷ் வாழையும் ஒரே வாழையின் நகல்கள். ஒன்றைச் சாய்க்கத் தெரிந்த பூஞ்சைக்கு ஆயிரத்தையும் சாய்க்கத் தெரியும்.

இந்த நகல்களுக்குள் எதிர்ப்புச் சக்தியைத் தேடிப் பயன் குறைவு. அதனால் ஆராய்ச்சியாளர்கள் காட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

உறவுக்காரன் காட்டில் இருக்கிறான்

தீபகற்ப மலேசியாவின் மலைச்சாலைகளில் போகிறவர்கள் ஓரத்தில் மெலிந்த காட்டு வாழைகளைப் பார்த்திருப்பார்கள். பழம் விரலளவுதான் இருக்கும். உரித்தால் சதையைவிடக் கல் போன்ற கறுப்பு விதைகளே அதிகம். ‘மூசா அக்குமினாட்டா’ என்னும் இனத்தைச் சேர்ந்த இதன் ஒரு கிளைக்கு ‘மலாக்கென்சிஸ்’ என்று பெயர். மலாயா தீபகற்பமும் சுமத்ராவும் அதன் தாய்வீடு.

மனிதன் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூசா அக்குமினாட்டா ஒரு முன்னோர். அது விதை மூலம் பெருகுவதால் ஒவ்வொரு கன்றும் மற்றதிலிருந்து சற்றே வேறுபடும். மலாக்கென்சிஸ் கன்றுகளைப் பூஞ்சை உள்ள மண்ணில் நட்டுப் பார்த்தபோது சில செத்தன, சில தப்பின. தப்பிய கன்றுகளின் உடலில் எங்கோ ஒரு காவல் இருக்கிறது. ஆனால் எங்கே?

வாழையின் ஒரு செல்லுக்குள் இருக்கும் மரபுச் செய்தியை எழுத்துகளாக எண்ணினால் சுமார் 52 கோடி எழுத்துகள். அதில் 36,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். தேடுவதோ ஒன்றையோ இரண்டையோ. இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைத் தேட வேண்டுமானால், முதலில் அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் எண்ணிட்டு அலமாரியில் அடுக்க வேண்டும். அந்த அலமாரிதான் மரபணு நூலகம்.

நூலகம் கட்டுவது எப்படி?

முதலில் இளம் இலைகளைப் பறித்து, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடியாக்குகிறார்கள். அதிலிருந்து செல்லின் உட்கருக்களை மட்டும் பிரிக்கிறார்கள். டி.என்.ஏ. மிக நீளமான, மிக மெல்லிய இழை. சாதாரணமாகக் கலக்கினாலே அறுந்துவிடும். ஆகவே உட்கருக்களை அகரோஸ் கூழில் கலந்து சிறு கட்டிகளாக உறைய விடுகிறார்கள். வீட்டில் அகார்-அகார் செய்யும் அதே கடற்பாசிச் சத்திலிருந்து எடுத்ததுதான் அகரோஸ். அந்தக் கட்டிக்குள் டி.என்.ஏ. அசையாமல் பத்திரமாக இருக்கும்.

அடுத்து வெட்டும் வேலை. குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் உண்டு. அந்த நொதியை அரைகுறையாக வேலை செய்ய விட்டால் பெரிய பெரிய துண்டுகள் கிடைக்கும். மின்சாரத்தின் உதவியால் அவற்றை அளவு வாரியாகப் பிரித்து, சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளமுள்ள துண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் துண்டுகளைச் சேமித்து வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அதற்கு ஆய்வகங்கள் வளர்க்கும் தீங்கற்ற ஈ.கோலை பாக்டீரியா பயன்படுகிறது. பாக்டீரியாவுக்குள் தங்கக்கூடிய ஒரு சிறிய டி.என்.ஏ. வளையத்தில் வாழையின் துண்டை ஒட்டி, நொடிப்பொழுது மின்னதிர்ச்சி கொடுத்து உள்ளே செலுத்துகிறார்கள். பாக்டீரியச் செயற்கைக் குரோமோசோம், சுருக்கமாக ‘பேக்’ எனப்படும் இந்த முறையை அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தினர் 1992இல் வெளியிட்டார்கள். அந்தப் பாக்டீரியா பெருகும்போது உள்ளே இருக்கும் வாழைத் துண்டும் பெருகும். ஒரு பாக்டீரியாக் கூட்டம் ஒரு புத்தகம். 384 குழிகள் கொண்ட தட்டுகளில், குழிக்கு ஒரு புத்தகமாக, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி குளிரில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்கலாம்.

எத்தனை புத்தகம் வேண்டும்?

52 கோடி எழுத்தை ஒரு லட்சம் எழுத்துத் துண்டுகளாகப் பிரித்தால் 5,200 துண்டுகள் போதுமே என்று தோன்றும். போதாது. துண்டுகள் வரிசையாக வெட்டப்படுவதில்லை. ஒரே நாளிதழின் பல பிரதிகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கிழித்து, கையில் வந்ததை எடுத்து ஒட்டுவது போன்ற வேலை இது. சில பக்கங்கள் ஐந்தாறு முறை வரும். சில பக்கங்கள் வராமலே போகும்.

தேடும் மரபணு நூலகத்தில் இருக்க நூற்றுக்கு 99 வாய்ப்பு வேண்டுமானால், கணக்குப்படி சுமார் 24,000 துண்டுகள் சேர்க்க வேண்டும். 384 குழித் தட்டுகள் என்றால் 63 தட்டுகள். ஒரு குளிர்பெட்டியின் சில அடுக்குகளில் ஒரு வாழையின் முழுச் செய்தியும் அடங்கிவிடும்.

இப்படி நூலகங்கள் உண்மையிலேயே கட்டப்பட்டன. ‘கல்கத்தா 4’ என்னும் காட்டு வாழை கறுப்பு இலைப்புள்ளி நோயை எதிர்த்து நிற்பது. 2003இல் வெளிவந்த அதன் நூலகத்தில் 55,000க்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. செக் நாட்டின் ஒலொமொட்ஸ் நகர ஆய்வகம் இத்தகைய வாழை நூலகங்களைப் பாதுகாத்து, கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பிரதி அனுப்பும் பணியை ஏற்றது.

தேடுவது எப்படி?

நூலகம் கட்டியாயிற்று. இனி எந்தப் புத்தகத்தைத் திறப்பது? இங்கேதான் இயற்கை ஓர் உதவி செய்திருக்கிறது.

செடிகளின் நோயெதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை உருவாக்கும் புரதங்கள் செல்லுக்குள் நிற்கும் காவலாளிகள். பகைவன் நுழைந்ததற்கான அடையாளம் கண்டதும் அபாயச் சங்கை ஊதுவது அவற்றின் வேலை. சங்கு ஊதியதும் செடி தாக்கப்பட்ட இடத்தை அடைத்து, பகைவன் பரவாமல் தடுக்கும். புகையிலையிலும் ஆய்வகச் செடிகளிலும் 1994இல் இவை கண்டறியப்பட்டன. வெவ்வேறு செடிகளின் காவலாளிகளை ஒப்பிட்டபோது, எல்லாவற்றிலும் சில பகுதிகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது தெரிந்தது. எந்த நாட்டுப் போலீஸ்காரரையும் சீருடை காட்டிக் கொடுப்பது போல.

அந்தச் சீருடைப் பகுதியைத் தூண்டிலாக்கினார்கள். நூலகத்தின் எல்லாத் துண்டுகளையும் ஒரு நைலான் தாளில் புள்ளி புள்ளியாக வைத்து, அடையாளமிட்ட தூண்டில் டி.என்.ஏ.வை அதன்மேல் விட்டால், பொருந்தும் இடத்தில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். எந்தத் தட்டின் எந்தக் குழி என்பது தெரிந்துவிடும். பிறகு அந்தத் துண்டை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்தால் போதும்.

தூண்டிலில் சிக்குகிறதெல்லாம் தேடிய மரபணு அல்ல. வாழையில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் சுமார் நூறு உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு பகைவனுக்கான காவலாளி. எந்தக் காவலாளி எந்தத் திருடனைப் பிடிப்பவர் என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனைதான் உண்டு. நோய்க்குப் பலியாகும் வாழைக்குள் அந்த மரபணுவைச் சேர்த்து, பூஞ்சை மண்டிய மண்ணில் நட்டுப் பார்க்க வேண்டும்.

டார்வினில் கிடைத்த விடை

அந்தச் சோதனையைச் செய்தவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் டேலும் அவருடைய குழுவினரும். டி.ஆர்.4 பூஞ்சையை எதிர்த்து நின்ற மலாக்கென்சிஸ் கன்றிலிருந்து, சீருடைத் தூண்டில் வழியாகவே ‘ஆர்.ஜி.ஏ.2’ என்னும் மரபணு கிடைத்திருந்தது. அதைக் கேவண்டிஷில் சேர்த்து, 2012இல் டார்வின் நகருக்கு அருகே நோய் பீடித்த நிலத்தில் நட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். சாதாரண வாழைகளில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முழுவதும் வரை நோய்ப்பட்டன அல்லது செத்தன. ஆர்.ஜி.ஏ.2 சேர்த்த வரிசைகளில் ஒன்றில் ஒரு வாழைகூட நோய்ப்படவில்லை. 2017இல் முடிவு வெளியானது. அதிலிருந்து வளர்ந்த ‘க்யூ.கேவ்-4’ என்னும் வாழைக்கு 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா பயிரிடவும் உணவாக்கவும் அனுமதி வழங்கியது.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. கேவண்டிஷுக்குள்ளும் இந்த மரபணுவின் உறவு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் வேலை செய்கிறது. காவலாளி இருக்கிறார், தூங்குகிறார். வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் அந்தக் காவலாளியைத் தட்டி எழுப்ப முடியுமா என்பது அடுத்து எழுந்த கேள்வி.

பினாங்குக்கு என்ன தொடர்பு?

1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கின் மிண்டனில் இருக்கிறது. ஃபியூசேரியம் பூஞ்சைகளை இனம் பிரித்து அறியும் ஆராய்ச்சிக்கு அதன் உயிரியல் துறை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பகைவனை அடையாளம் காண்பது பாதி வேலை. மறுபாதி செடியின் மரபுச் செய்தியைப் படிப்பது. அந்த வேலையும் பினாங்கில் நடந்திருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையம் ரப்பர் மரத்தின் மரபுத்தொகுப்பைப் படித்து 2013இல் வெளியிட்டது. மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் பால்வெட்டிய மரத்தின் உள்கதை பினாங்கில்தான் வாசிக்கப்பட்டது.

அந்த மையத்துக்குத் தலைமை தாங்கியவர் வங்காளதேசத்தைச் சேர்ந்த பேராசிரியர் மக்சூதுல் ஆலம். அதற்குமுன் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பப்பாளியின் மரபுத்தொகுப்பைப் படித்த குழுவை வழிநடத்தியவர். 2014இல் காலமானார். 2008இல் வெளியான அந்தப் பப்பாளி ஆய்வு கவலை தரும் ஓர் உண்மையைச் சொன்னது. பப்பாளியில் காவலாளி மரபணுக்கள் மற்றச் செடிகளைவிடக் குறைவு. 2003 முதல் மலேசியப் பப்பாளித் தோட்டங்களை அழித்த பாக்டீரியா நோயை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் புரியும். பப்பாளிக்கும் காட்டு உறவுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பலரும் கேட்கும் இரண்டு கேள்விகள்

மரபணு மாற்றிய பழத்தைச் சாப்பிடலாமா? ஹவாயில் நச்சுயிரி நோயைத் தாங்கும் மரபணு மாற்றப் பப்பாளி 1998 முதல் விளைகிறது, மக்கள் சாப்பிடுகிறார்கள். க்யூ.கேவ்-4 வாழையை ஆய்ந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவுத் தர அமைப்பு அது மற்ற வாழையைப் போலவே பாதுகாப்பானது என்று முடிவு செய்தது. அதில் சேர்ந்த ஆர்.ஜி.ஏ.2 வாழையின் சொந்தக்கார மரபணு. ஆயினும் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. எதிர்ப்பு மரபணு எது என்று தெரிந்துகொள்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது. மரபணு மாற்றமே செய்யாமல், பழைய முறையில் ஒட்டுச் சேர்க்கிறவர்களும் எந்தக் கன்றில் அந்த மரபணு இருக்கிறது என்பதைச் சிறு இலைத்துண்டை வைத்தே சோதித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

காட்டு வாழையின் மரபணு யாருக்குச் சொந்தம்? இது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. ஒரு நாட்டின் காட்டில் வளர்ந்த செடியை எடுத்துப் போய் இன்னொரு நாடு லாபம் பார்த்தால், அதில் முதல் நாட்டுக்குப் பங்கு வேண்டாமா? இதற்காகவே மலேசியா 2017இல் உயிரியல் வளங்களைப் பெறுவதற்கும் பயனைப் பகிர்வதற்கும் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அனுமதி பெற்றுத்தான் எடுக்க வேண்டும், கிடைக்கும் பயனில் நாட்டுக்கும் அந்த வளத்தைக் காத்து வந்த மக்களுக்கும் பங்கு தர வேண்டும் என்பது அதன் சாரம்.

நூலகம் எரிந்தால்?

தொழில்நுட்பம் வேகமாக நகர்கிறது. 2012இல் மலாக்கென்சிஸ் கிளையைச் சேர்ந்த, பகாங் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய ஒரு வாழையின் முழு மரபுத்தொகுப்பும் வெளியிடப்பட்டது. 2021இல் நீண்ட இழைகளை அறுக்காமலே படிக்கும் கருவிகளின் உதவியால் அதன் சில குரோமோசோம்கள் முனையிலிருந்து முனைவரை இடைவெளியின்றிப் படிக்கப்பட்டன. துண்டுகளை அடுக்கி வைக்கும் பழைய நூலகங்களின் தேவை இன்று குறைந்திருக்கிறது. கணினித் திரையிலேயே புத்தகத்தைப் புரட்டலாம்.

ஆனால் எந்தக் கருவியாலும் இல்லாத செடியைப் படிக்க முடியாது. ஒரு பகாங் வாழையைப் படித்துவிட்டால் மலாக்கென்சிஸ் முழுவதையும் படித்ததாகாது. பூஞ்சைக்குத் தப்பிய கன்றும் செத்த கன்றும் ஒரே கிளையைச் சேர்ந்தவைதானே? அடுத்த மலைச்சரிவில் நிற்கும் வாழையில் வேறொரு காவலாளி இருக்கலாம். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,500க்கும் மேற்பட்ட வாழை வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தன் பங்குக்குச் சேகரித்து வருகிறது. இருந்தாலும் மூல நூலகம் காடுதான். சாலை போடும்போது, தோட்டம் விரிக்கும்போது, களையென்று வெட்டிச் சாய்க்கப்படும் காட்டு வாழைக்கூட்டம் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போய்விடும்.

வீட்டு வாசலில் நாலு வாழை வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வாடிய வாழையிலிருந்து பக்கக்கன்று எடுத்து யாருக்கும் கொடுக்கக்கூடாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் கன்றின் கிழங்கிலும் பூஞ்சை ஒளிந்திருக்கும். நோய் கண்ட இடத்தில் பயன்படுத்திய மண்வெட்டியையும் காலணியையும் மண் போகக் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. இந்தப் பூஞ்சை ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் மனிதர்கள் சுமந்து செல்லும் கன்றிலும் மண்ணிலும்தான்.

இதுவரை கிடைத்த ஆர்.ஜி.ஏ.2 வெற்றி கேவண்டிஷுக்கானது. ஏற்றுமதிச் சந்தை அதன் பின்னால் நிற்பதால் ஆராய்ச்சிப் பணமும் அங்கே போகிறது. ரஸ்தாளிக்கு அப்படிப்பட்ட பின்பலம் இல்லை. அதை விரும்புகிறவர்களும், அதை வளர்க்கும் சிறு தோட்டக்காரர்களும், அவர்கள் சார்பில் கேட்கக்கூடிய உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும்தான் அதற்கு உண்டு. விரலளவு பழத்துக்குள் கல் போன்ற விதைகளோடு மலைச்சரிவில் நிற்கிறதே அந்தக் காட்டு வாழை, சாப்பிட உதவாத அது நின்றுகொண்டிருக்கும்வரை, தைப்பூசத் தட்டில் ரஸ்தாளி வைக்கும் நாள் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது.